வெலோசியோவின் தெருவும் எமது சைக்கிளும்

1891ஆம் ஆண்டு செப்ரெம்பர் 6ஆம் திகதி காலை, பாரிஸ் லாஃபயெத் வீதியின் 61ஆம் இலக்கக் கட்டடத்தின் முன்னால் இருநூறுக்குச் சற்று மேற்பட்ட ஆண்கள் சைக்கிள்களோடு நின்றார்கள். 'லு பெத்தி ஜூர்னால்' என்ற நாளிதழின் அலுவலகம் அது. லா சப்பலில் நாம் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் வாங்குகிற கடைத்தெருவிலிருந்து, கார் து நோர் ரயில் நிலையத்தைத் தாண்டி இருபது நிமிடம் நடந்தால் அந்த இடம் வந்துவிடும். அன்று அங்கிருந்து புறப்பட்டவர்கள் மேற்குக் கரையில் உள்ள பிறெஸ்ற் துறைமுகம் வரை போய், அதே தெருவால் பாரிசுக்குத் திரும்பி வரவேண்டும். ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர். இலங்கைத் தீவின் கரையோரம் முழுவதும் ஏறத்தாழ 1,340 கிலோமீற்றர் என்பார்கள். ஆக, தீவை ஒரு சுற்றுச் சுற்றிவர முன்வந்தவர்கள் போல அவர்களை எண்ணிக்கொள்ளலாம்.

போட்டியை ஏற்பாடு செய்தவர் பியேர் ஜிஃபார் என்ற பத்திரிகையாளர். அதே ஆண்டில் சைக்கிளை இராணியாகப் புகழ்ந்து ஒரு புத்தகமும் எழுதி வெளியிட்டார். பிரெஞ்சுக்காரர் சைக்கிளை இன்றும் 'சின்ன ராணி' என்று செல்லமாகச் சொல்வதைக் கேட்கலாம். வென்றவர் ஷார்ல் தெரோன். 71 மணி 22 நிமிடம். மூன்று இரவுகள் ஏறக்குறைய நித்திரை இல்லை. பிறெஸ்றில் முன்னுக்கு நின்ற ஜியெல் லவால் என்பவர் திரும்பும் வழியில் கங்காம் என்ற ஊரில் படுத்து உறங்கிவிட, தெரோன் அரவமில்லாமல் அவரைத் தாண்டிப் போனார் என்பது பிரெஞ்சுச் சைக்கிள் உலகில் எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரோனின் சக்கரத்தில் மிஷ்லன் கம்பனியின் கழற்றிப் பூட்டக்கூடிய ரயர். லவாலின் சக்கரத்தில் டன்லொப். கதையின் பெரும்பகுதி விளம்பரம்தான். ஆனாலும் ஒரு விஷயம் அன்று நிலைநாட்டப்பட்டது. குதிரையில்லாமல், ரயிலில்லாமல், ஒரு சாதாரண மனிதன் தன் இரண்டு காலால் ஒரு தேசத்தின் குறுக்கே போய்த் திரும்பலாம் என்பது.

இந்தப் பத்திரிகைப் பக்கங்களில் நாம் விமான நிலையங்களைப் பற்றி எழுதியிருக்கிறோம். ஏஜென்சிக்காரரைப் பற்றி, கிழக்கு ஐரோப்பியக் காடுகளைப் பற்றி, கொள்கலன் லொறிகளைப் பற்றி எழுதியிருக்கிறோம். சைக்கிளைப் பற்றி எழுதியது குறைவு. அதுவும், காரணமேயில்லாமல் ஒருவன் தனியாக நாள் முழுவதும் நாட்டுப்புறத் தெருவில் சைக்கிள் உழக்குவதைப் பற்றி யாராவது எழுதியதாக எனக்கு நினைவில்லை. எங்களில் அப்படிப் போகிறவர்கள் குறைவு என்பது ஒரு காரணம். போகிறவனைப் பார்த்து லா சப்பல் கடையொன்றில் வயதான ஐயா ஒருவர், "அங்கால போனா என்ன தாறாங்கள்?" என்று கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அது கேலியல்ல. எங்கள் ஊரில் சைக்கிள் எப்போதும் எதற்காகவோதான் ஓடியது.

*

தெரோன் போட்டிக்காரர். எனக்கு அவரைவிட முக்கியமானவர் இன்னொருவர். போல் து விவி. 1853இல் தென் பிரான்சில் பேர்ன் என்ற ஊரில் பிறந்து, சந்த் எத்தியேன் நகரத்தில் பட்டு வியாபாரம் செய்தவர். முப்பதை நெருங்கும் வயதில்தான் முதற் சைக்கிள் வாங்கினார். முன்சக்கரம் ஆள் உயரம் நிற்கும் பழைய வகை அது. பின்னர் பட்டு வியாபாரத்தை விட்டுவிட்டுச் சைக்கிள் விற்கவும் செய்யவும் தொடங்கினார். 1887இல் ஒரு சஞ்சிகை ஆரம்பித்தார். பிறகு அதற்கு 'லு சிக்லிஸ்ற்' என்று பெயர் நிலைத்தது. அதில் 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதினார். அந்தப் பெயரே அவர் பெயராயிற்று.

அவர் எழுதியது வெற்றி தோல்விகளையல்ல. எத்தனை மணிக்குப் புறப்பட்டேன், எந்த ஏற்றத்தில் எந்தப் பற்சக்கரம் உதவியது, என்ன சாப்பிட்டேன், காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது, இவைதான். இறைச்சி சாப்பிடமாட்டார். எஸ்பெரான்ரோ மொழியில் ஈடுபாடு கொண்டவர். இரவில் புறப்பட்டு, விடியும்போது மலைத்தொடர் ஒன்றின் மறுபக்கத்தில் நிற்பது அவருக்குப் பிடித்த காரியம். இளைஞர்களுக்கென்று சில கட்டளைகள் வைத்திருந்தார்: பசிக்குமுன் சாப்பிடு, தாகத்துக்குமுன் குடி, களைத்து விழுமளவுக்குப் போகாதே, வீம்புக்காக உழக்காதே என்ற பாணியில். எங்கள் வீடுகளில் ஆச்சிமார் சொல்வதைப் போல இருக்கும்.

அவருக்கும் 'தூர் து பிரான்ஸ்' போட்டியைத் தொடக்கிய ஆன்றி தெகிறான்ஜுக்கும் நடந்த நீண்ட வாதம் சுவையானது. சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கியர் முறையை வெலோசியோ வளர்த்தெடுத்தார். ஏற்றத்தில் இலகுவாகவும் சமதரையில் வேகமாகவும் போகலாம். தெகிறான்ஜுக்கு அது பிடிக்கவில்லை. கியர் என்பது நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றார். வெற்றி தசையால் வரவேண்டும், பொறியால் அல்ல என்பது அவர் கட்சி. 1902இல் பிரெனே மலைகளில் நடந்த பரீட்சையொன்றில் வெலோசியோவின் மூன்று கியர் சைக்கிளில் மார்த் எஸ் என்ற பெண் தூர்மலே கணவாயைக் கால் நிலத்தில் ஊன்றாமல் ஏறினார். ஒற்றைக் கியரோடு வந்த ஆண் வீரர் சிரமப்பட்டார். அப்படியிருந்தும் 'தூர் து பிரான்ஸ்' போட்டியில் கியர் மாற்றியை அனுமதிக்க 1937 வரை காத்திருக்கவேண்டி வந்தது. விளையாட்டில் ஆண்மை பேசுகிறவர்கள் பொறியைக் கண்டால் ஏன் பயப்படுகிறார்கள் என்பது தனியாக ஆராயவேண்டிய விஷயம்.

பெண்களின் கதையும் தொடக்கத்திலிருந்தே உண்டு. 1869 நவம்பர் 7ஆம் திகதி பாரிசிலிருந்து றூவான் வரை 123 கிலோமீற்றர் நடந்த முதல் நெடுந்தூரப் போட்டியில் 'மிஸ் அமெரிக்கா' என்ற புனைபெயரில் ஒரு பெண் ஓடி, 29ஆவதாக வந்து சேர்ந்தார். பாரிசில் பெண்கள் காற்சட்டை அணிய 1800ஆம் ஆண்டுப் பொலிஸ் கட்டளை தடை போட்டிருந்தது. 1892இலும் 1909இலும் அதைத் தளர்த்திய சுற்றறிக்கைகள் சொன்ன நிபந்தனை வேடிக்கையானது: கையில் குதிரையின் கடிவாளமோ சைக்கிளின் ஹாண்டிலோ இருக்கவேண்டும். அந்தக் கட்டளை செல்லுபடியாகாது என்று அரசு முறையாக அறிவித்தது 2013இல்தான். தமிழ்நாட்டில் 1991ஐ அடுத்த ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகியபோது எழுந்த பேச்சுக்களும் பாரிசின் பழைய பேச்சுக்களுக்குச் சொந்தக்காரர்தான்.

வெலோசியோ 1930இல் இறந்தார். மலையில் அல்ல. தன் ஊர்த் தெருவில், சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்கையில் ட்ராம் வண்டி மோதியது.

*

சந்த் எத்தியேனைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அது நிலக்கரியும் இரும்பும் நிறைந்த நகரம். துவக்குச் செய்கிற நகரம். துவக்குக் குழலுக்கு வேண்டிய நுட்பம் சைக்கிள் சட்டத்துக்கும் வேண்டும். எனவே அந்த நகரத்தின் பெரிய தொழிற்சாலையின் பெயரே 'ஆயுதமும் சைக்கிளும்' என்றிருந்தது. அது செய்த சைக்கிளுக்கு 'ஹிறோந்தெல்' என்று பெயர். தகைவிலான் பறவை. இங்கிலாந்திலும் இதுதான் கதை. யாழ்ப்பாணத்தில் றலி, ஹம்பர் ஆகியவற்றோடு பி.எஸ்.ஏ. சைக்கிளும் ஓடியது அல்லவா? அந்த மூன்று எழுத்தின் விரிவு 'பேர்மிங்ஹாம் சிற்றாயுதம்'. அதன் சின்னத்தைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: மூன்று துவக்குகள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும். எங்கள் தந்தையர் பள்ளிக்கூடத்துக்கும் கந்தோருக்கும் அந்தச் சின்னத்தைத் துடைத்துத் துடைத்து ஓடினார்கள்.

ரயரின் கதை இன்னும் இருண்டது. டன்லொப் காற்றடித்த ரயரைச் செய்தது 1888இல். உடனே உலகமெங்கும் இறப்பருக்கு அவா எழுந்தது. தொண்ணூறுகளின் சைக்கிள் மோகத்துக்கு வேண்டிய காட்டு இறப்பரில் ஒரு பங்கு பெல்ஜிய மன்னர் லெயோபோல்டின் கொங்கோவிலிருந்து வந்தது. அங்கே இறப்பர் கொண்டுவரத் தவறிய கிராமங்களில் மனிதரின் கைகள் வெட்டப்பட்டன. பிறகு தோட்ட இறப்பர். பிறேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுவரப்பட்ட விதைகளில் முளைத்த ஏறத்தாழ 1,900 கன்றுகள் 1876இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நடப்பட்டன. அங்கிருந்தே மலாயாவுக்கும் பரவின. இரண்டு இடங்களிலும் பால் வெட்டிய கைகளில் பெரும்பங்கு தமிழகத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களுடையவை. அவர்களில் இலங்கையில் இருந்தோர் 1948இல் குடியுரிமை இழந்தார்கள். பிரெஞ்சு நாட்டுப்புறத்து அமைதியான தெருக்களில் சத்தமில்லாமல் உருண்ட சக்கரங்களுக்குள் இவ்வளவும் அடைக்கப்பட்டிருந்தது. வெலோசியோ இதை எழுதவில்லை. அவர் காலத்துச் சைக்கிள் சஞ்சிகைகளில் இதைத் தேடுவதும் வீண்.

அரசாங்கங்களும் சைக்கிளை விட்டுவைக்கவில்லை. பிரான்சில் 1893 முதல் சைக்கிளுக்கு வருட வரி. ஆரம்பத்தில் 10 பிராங்க். வரி கட்டியதற்கு அடையாளமாக உலோகத் தகடு. ஐம்பதுகளின் இறுதியில்தான் அது ஒழிந்தது. இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் பட்டினசபைக்கும் கிராமச் சங்கத்துக்கும் காசு கட்டி லைசன்ஸ் தகடு வாங்கிப் பூட்டினதும், லைற் இல்லாமல் வந்ததற்கும் டபிள்ஸ் ஏற்றினதற்கும் பொலிஸ் பிடித்து வழக்கு எழுதினதும் நினைவிருக்கும். லைசன்சில் 'துவிச்சக்கர வண்டி' என்று எழுதியிருக்கும். வாயில் எப்போதும் சைக்கிள்தான். ஈருருளி என்ற சொல் பிறகு வந்தது.

*

எங்கள் நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம் இரண்டு வகை. ஒன்று, ஊர் மைதானத்தில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டு, ஓர் இளைஞன் இரவு பகலாக நாட்கணக்கில் இறங்காமல் சுற்றிச் சுற்றி ஓடுவது. எழுபதுகளில் அது ஒரு திருவிழா. குளிப்பதும் சைக்கிளில், சாப்பிடுவதும் சைக்கிளில். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் உழக்கி, கடைசியில் அதே மைதானத்தில் மாலை போட்டு இறக்குவார்கள். எங்கும் போகாத பயணம்.

மற்றது எங்கும் போகாமல் இருக்கமுடியாத பயணம். 1990 யூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. மண்ணெண்ணெய் மருந்துபோல விற்கப்பட்டது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அதுவும் பெற்றோலில் சில துளி விட்டு ஸ்ராட் பண்ணி. மற்றதெல்லாம் சைக்கிள். நோயாளி, விறகு, பனம்பாய், பிரசவத்துக்குப் போகிறவள், சவப்பெட்டி. மின்சாரமும் பற்றரியும் இல்லாததால், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் லண்டன் தமிழோசை கேட்டார்கள். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் சுற்றி நின்று கேட்டார்கள். சுற்றுகிறவருக்குக் களைத்தால் செய்தியும் களைக்கும்.

ஆனையிறவுப் பாதை மூடப்பட்டபின் கொம்படி–ஊரியான் வழியாகத் தண்ணீருக்குள்ளாலும் சேற்றுக்குள்ளாலும் சைக்கிளைத் தள்ளிப் போனார்கள். அதுவும் அடைபட, கிளாலிக் கடல்நீரேரியில் வள்ளம். சைக்கிளை வள்ளத்தில் ஏற்றி, இரவில், வெளிச்சமில்லாமல். 1993 ஜனவரி 2ஆம் திகதி அந்த நீரேரியில் பயணிகளின் வள்ளங்கள் கடற்படையினரால் தாக்கப்பட்டுப் பலர் இறந்தார்கள். அடுத்த நாட்களிலும் வள்ளம் ஓடியது. வேறு வழி இருக்கவில்லை. அக்கரை சேர்ந்தவர்கள் வன்னித் தெருவில் மறுபடி உழக்கி வவுனியாவை நோக்கிப் போனார்கள். சாமான் கட்டி, பெரிய சீனி மூட்டைகளைக் கரியரிலும் பாரிலும் தொங்கவிட்டு, முழுநாளும் தனியாக உழக்கின வியாபாரிகள் இருந்தார்கள். வெலோசியோவின் கணக்கில் அவர்கள்தான் மெய்யான நெடுந்தூரச் சைக்கிளோட்டிகள். எந்தச் சஞ்சிகையும் அவர்களுடைய நேரத்தைக் குறித்துவைக்கவில்லை.

பாரிசில் இன்றும் உயிரோடு இருக்கும் 'ப்ரவே' என்ற ஓட்டமுறையின் விதிகளை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். 1904இல் தொடங்கிய ஓடாக்ஸ் பாரிஸ் கழகம் இதை நடத்துகிறது. இதில் பரிசு இல்லை, முதலாமிடம் இல்லை. ஒரு அட்டை தருவார்கள். வழியில் குறித்த ஊர்களில் முத்திரை குத்தவேண்டும். 200 கிலோமீற்றருக்கு 13 மணி 30 நிமிடம். 300க்கு 20 மணி. 400க்கு 27. 600க்கு 40. அதற்குள் வந்தால் போதும். யாழ்ப்பாணத்திலிருந்து அநுராதபுரம் ஏறத்தாழ அந்த 200 கிலோமீற்றர்தான். பதின்மூன்றரை மணி. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து 140 கிலோமீற்றர் தூரத்து வவுனியாவுக்கு வரவே நாட்கள் பிடித்தன. அதற்கும் அட்டை உண்டு, முத்திரையும் உண்டு. பாஸ் எடுத்து, சென்ரியில் காட்டி, தாண்டிக்குளத்தில் பொதி அவிழ்த்துக் கொட்டி. எங்கள் அட்டைக்கு மணிக்கணக்கு இல்லாதிருந்ததுதான் வித்தியாசம்.

லாஃபயெத் வீதியில் தொடங்கிய அந்தப் பழைய பாரிஸ்–பிறெஸ்ற்–பாரிஸ் கடைசியாகப் போட்டியாக நடந்தது 1951இல். பிறகு அது முழுக்க இந்த அட்டைக்காரர்களின் கைக்கு வந்தது. இப்போது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை. 2019இலும் 2023இலும் றம்பூயேயிலிருந்து புறப்பட்டார்கள். கூடிய கால எல்லை 90 மணி. இந்தியாவிலிருந்து மட்டும் இரண்டு தடவையும் நூற்றுக்கணக்கானோர் வந்திருந்தார்கள். எங்களவர் என்றால், ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடும் காலங்களில் கொடியோடும் கோரிக்கையோடும் நாடு நாடாகச் சைக்கிளில் போகிறவர்கள் இருக்கிறார்கள். பனிக் குளிரில் அவர்கள் உழக்குவதை நான் மதிக்கிறேன். அதுவும் எதற்காகவோ ஓடுகிற சைக்கிள்தான்.

*

எதற்காகவும் இல்லாமல் ஓடுவது பிரெஞ்சுக்காரருக்கும் இலேசில் கிடைக்கவில்லை. வெலோசியோ போன்றவர்கள் வசதி படைத்தவர்கள். ஆலைத் தொழிலாளிக்குச் சைக்கிள் என்றால் வேலைக்குப் போகும் வழி. 1936 மே, யூன் மாதங்களில் நாடு முழுவதும் தொழிலாளர் ஆலைகளைப் பிடித்து வைத்துக்கொண்டு வேலைநிறுத்தம் செய்தபின், யூன் 20ஆம் திகதிச் சட்டம் ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்தது. அந்த ஓகஸ்றில் இரட்டைச் சைக்கிளில் கணவனும் மனைவியுமாகக் கடலைப் பார்க்கப் போன தொழிலாளரின் புகைப்படங்கள் புகழ்பெற்றவை. பலர் அன்றுதான் முதன்முதலாகக் கடலைக் கண்டார்கள். உல்லாசம் என்பது பணக்காரன் வீட்டுச் சொத்து என்று நினைக்கிறவர்களுக்கு அந்தப் படங்களைக் காட்டவேண்டும். எங்கள் ஆட்கள் இரண்டு றெஸ்ரோறன்ற்களில் கோப்பை கழுவி, ஞாயிறு காலையில் பேப்பர் போட்டு, முப்பது வருடம் லீவு எடுக்காமல் இருந்ததைப் பெருமையாகச் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வரும். அந்த லீவு அடிபட்டு வாங்கின லீவு.

நான்கு ஆண்டுகள் கழித்து, அதே சைக்கிள்கள் அதே தெருவில் வேறு முகத்தோடு போயின. 1940 யூனில் ஜேர்மன் படை பாரிசை நெருங்கியபோது பல மில்லியன் மக்கள் தெற்கு நோக்கி நடந்தார்கள். கார், குதிரை வண்டி, குழந்தை தள்ளுவண்டி, சைக்கிள். தெருவுக்கு மேலால் விமானங்கள். அந்தக் கூட்டத்தில் ஹான்ஸ் ரே, மார்கிறெற் ரே என்ற கணவனும் மனைவியும் இருந்தார்கள். ஜேர்மனியின் ஹம்பூர்க் நகரத்து யூதர்கள். ஏற்கனவே ஒருமுறை நாடு விட்டவர்கள். கடையில் முழுச் சைக்கிள் கிடைக்கவில்லை. உதிரிப் பாகங்கள் வாங்கி ரே தானே இரண்டு சைக்கிள் பூட்டினார். கூடையில் கொஞ்ச உடுப்பு, பாண், கையெழுத்துப் பிரதிகள். எத்தாம்ப் வழியாக ஒர்லெயான் வரை நாட்டுப்புறத் தெருவில் உழக்கி, அங்கிருந்து ரயில் பிடித்து, ஸ்பெயின், போர்த்துக்கல், பிறேசில் தாண்டி நியூயோர்க் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பிரதிகளில் ஒன்றுதான் 1941இல் வெளிவந்த, 'கியூரியஸ் ஜோர்ஜ்' என்ற குரங்குக் குட்டியின் கதை. எங்கள் பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் பள்ளிக்கூடத்தில் படிக்கிற அதே குரங்கு.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கித் திரண்டதை இந்தப் பக்கங்களில் முன்னரும் வாசித்திருப்பீர்கள். மழை. இலட்சக்கணக்கானோர். சைக்கிள் இருந்தும் ஏறி ஓட இடமில்லை, தள்ளிக்கொண்டு ஒரு இரவு முழுவதும் சில மைல். அந்த இரவில் சைக்கிள் ஒரு வாகனமாக இருக்கவில்லை, மூட்டை தாங்கும் இரும்பாக இருந்தது. 1940ஐயும் 1995ஐயும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. பாரிஸ்காரர் பெரும்பாலோர் சில மாதங்களில் வீடு திரும்பினார்கள். ஆக்கிரமிப்புக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் சைக்கிளின் பின்னால் பெட்டி பூட்டி 'வெலோ-தாக்சி' ஓட்டினார்கள். யாழ்ப்பாணம் அதை வாசித்தால் ஆச்சரியப்படாது.

*

லா சப்பலிலிருந்து நாட்டுப்புறத்துக்குப் போக இலகுவான வழி ஊர்க் வாய்க்கால். நெப்போலியன் 1802இல் வெட்டக் கட்டளையிட்டது. மேம்பாலத்தில் ஓடும் மெத்ரோவுக்குக் கீழால் ஸ்ராலின்கிறாட் வரை போனால் லா வில்லெத் நீர்த்தேக்கம். அங்கிருந்து வாய்க்கால் கரையோடு சைக்கிள் பாதை கிழக்கே போகிறது. சமதரை, ஏற்றமில்லை, வெலோசியோவுக்கு அலுத்திருக்கும். பந்தன் கழிய பொபினி. விடிவதற்கு முன்னரே வரிசையில் நின்று விசா புதுப்பித்த பிரெபெக்துரை நினைத்து எங்களில் எத்தனையோ பேருக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே வயிறு கலங்கும். வாய்க்கால் அதற்குக் கொஞ்சம் தள்ளி, ஒன்றும் தெரியாததுபோல ஓடுகிறது. பொந்தி, ஒல்னே, செவ்றான்: எங்கள் திருமண மண்டபங்களும் ரியூசன் வகுப்புகளும் உள்ள ஊர்கள். செவ்றானில் பாதை ஒரு பெரிய மரச்சோலையின் ஓரமாகப் போகும். அது 1873 முதல் நூறு ஆண்டுகள் வெடிமருந்துத் தொழிற்சாலை. இன்று பிள்ளைகள் விளையாடும் பூங்கா. கிளே சூயி வரை ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை போன தூரம் என்று கால் சொல்லும்.

அதற்கப்பால் வானம் பெரிதாகிவிடும். கோதுமை, பீற்றூட், நடுவில் ஒரு சின்னத் தெரு. கிலோமீற்றர் கல்லின் தலையில் மஞ்சள் பூசியிருக்கும். திங்கட்கிழமை எனக்கு லீவு. திங்கட்கிழமையில் கிராமத்துப் பேக்கரிகள் பல பூட்டு. எனவே சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போவேன். தண்ணீருக்குப் பிரெஞ்சுச் சைக்கிள்காரர்கள் சொல்லித் தந்த வழி ஒன்று உண்டு: ஒவ்வொரு கிராமத்துச் சவக்காலையிலும் பூவுக்குத் தண்ணீர் விட ஒரு பைப் இருக்கும், அங்கே போத்தலை நிரப்பலாம். ஊரில் சுடலைக்குப் போய் வந்தால் தலை முழுகாமல் வீட்டுக்குள் விடமாட்டார்கள். முதல் தடவை பைப்பைத் திறந்தபோது அம்மாவின் முகம்தான் முன்னால் வந்தது. தண்ணீர் நல்ல குளிர்.

இந்தப் பிரதேசத்தில் சவக்காலைகளுக்குக் குறைவில்லை. 1914 செப்ரெம்பரில் ஜேர்மன் படை பாரிசுக்கு இவ்வளவு கிட்ட வந்து நின்று, மார்ன் சண்டையில் திரும்பியது. வில்றுவா என்ற கிராமத்துக்கு வெளியே வயல் நடுவில் ஒரு பொதுப் புதைகுழி. செப்ரெம்பர் 5ஆம் திகதி விழுந்தவர்கள். கவிஞர் ஷார்ல் பெகி அவர்களில் ஒருவர். அதே நாளில் பக்கத்துப் பென்ஷார் மேட்டில் போரிட்டவர்கள் மொறொக்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட படையினர். இன்னும் வடக்கே போனால் எங்கள் பக்கத்து ஆட்கள். 1916 யூலையில் சோம் போர்க்களத்தில் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. ஃபிறிக்கூர்–மமெத்ஸ் தெருவின் சந்தியொன்றில், தலைப்பாகை கட்டிய இந்தியச் சிப்பாய்கள் சைக்கிள்களோடு நிற்கிறார்கள். பிரெஞ்சு நாட்டுப்புறத் தெருவில் சைக்கிளோடு நிற்கும் தெற்காசியரின் படங்களில் நான் கண்ட மிகப் பழையது அதுதான். உடுப்பில் தூசி. ஒருவர் தெருவின் அந்தப் பக்கத்தைப் பார்க்கிறார். அவர்களுடைய பெயர்கள் படத்தோடு இல்லை. அதற்கு முந்திய ஆண்டில் நடந்த நவ் சப்பல் சண்டை நினைவிடத்தில், உடல் கிடைக்காத இந்தியச் சிப்பாய்கள் நாலாயிரத்து எழுநூறு பேருக்கு மேல் பெயர் வெட்டியிருக்கிறது. 1927இல் திறந்த நினைவிடம். பெயரில் எங்கள் கடைத்தெருவுக்கு உறவு, தூரத்தில் இருநூறு கிலோமீற்றருக்கு மேல்.

தனியாகப் போவதில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். முதல் இரண்டு மணித்தியாலமும் மனம் கணக்குப் பார்க்கும்: வாடகை, ஊருக்கு அனுப்பவேண்டிய காசு, தம்பியின் வழக்கு. மூன்றாவது மணித்தியாலத்தில் கணக்கு நின்றுவிடும். பிறகு காற்றும் செயின் சத்தமும். எதிரே ஒரு வளைவு வரும்போது, இத்தனை வருடம் கழிந்தும், கை தானாகப் பிரேக்கைப் பிடிக்கும். வளைவுக்கு அப்பால் சென்ரி இருக்கும் என்ற பழக்கம். ட்ராக்டர் ஒன்று வரும், ஓட்டுகிறவர் கையைத் தூக்கிக் காட்டுவார். அடையாள அட்டை இருக்கும் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு நானும் கையைத் தூக்குவேன். அகதிப் பயணப் பத்திரத்தில் இலங்கை தவிர எல்லா நாட்டுக்கும் செல்லுபடியாகும் என்று எழுதிக்கொடுத்த அரசு, இந்தத் தெருக்களைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. வன்னித் தெருவில் மூட்டையோடு உழக்கின அந்த வியாபாரிகளில் ஒருவர் இங்கே லா சப்பலில் கடை வைத்திருக்கிறார். ஒரு நாள் கூட வாங்கோ என்று கேட்டேன். முழங்காலைத் தட்டிக் காட்டி, "நான் உழக்க வேண்டியதெல்லாம் உழக்கி முடிச்சிட்டன் தம்பி" என்றார். ஆனால் எந்த ரயர் போட்டிருக்கிறாய், எத்தனை இறாத்தல் காற்று அடிக்கிறாய் என்று விடாமல் விசாரித்தார். வாசலில் நின்ற என் சைக்கிளின் செயினை விரலால் அமத்திப் பார்த்து, இரண்டு பல் இழுத்துப் பூட்டச் சொன்னார்.

இழுத்துப் பூட்டினபின் அடுத்த திங்கட்கிழமை வில்றுவாவைத் தாண்டியபோது மதியம் ஒரு மணி. லா ஃபெர்த்தே மிலோனில் பாரிஸ் ரயில் பிடிக்க இன்னும் நாற்பது கிலோமீற்றரளவில் இருந்தது. காற்று மேற்கிலிருந்து, முதுகுப் பக்கமாக.